நெல் கொள்முதல் முன்பதிவுத் தளம்: ஒரு மதிப்பீடு

இணையதளத்தை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முகப்பில் தொடங்கி முகப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். நிறம் கண்ணை உறுத்துகிறதா, எழுத்து படிக்க வசதியாக இருக்கிறதா, கைபேசியில் திறந்தால் படம் சரியாக அமைகிறதா என்று பார்க்கிறார்கள். காவிரி டெல்டாவில் நெல் விற்கப் போகிறவருக்கு இவையெல்லாம் இரண்டாம் பட்சம். அவர் அந்தத் தளத்தைத் தேடும் வேளையில் அறுத்த நெல் களத்தில் கிடக்கிறது, அல்லது அறுப்பு மிஷின் நாளை வயலில் இறங்கப் போகிறது. மழை வருமா என்று வானத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவருக்காகச் செய்யப்பட்ட தளத்தை வேறு கோல் கொண்டுதான் அளக்க வேண்டும்: விற்பவரிடம் அது எதைக் கேட்கிறது, அவருக்கு எதைச் சொல்கிறது, திட்டமிட்டபடி நடக்காத நாளில் அவரை எங்கே நிறுத்துகிறது.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் தொடங்கப்பட்டது. 2002 அக்டோபர் முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் மத்தியத் தொகுப்புக்கான நெல்லையும் அதுவே வாங்குகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஊர்களில் விவசாயி அந்தக் கழகத்தைச் சந்திக்கும் இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அங்கே பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர், சுமைதூக்கும் தொழிலாளர்கள் இருப்பார்கள். தூற்றும் இயந்திரமும் ஈரப்பதமானியும் எடைத் தராசும் இருக்கும். 40 கிலோ கொண்டது ஒரு சிப்பம். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். அதாவது பொது ரகத்தில் ஒரு சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய். ஏக்கருக்கு 60 சிப்பம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஏக்கர்க்காரர் ஒரு பருவத்தில் விற்பது மூன்று லட்ச ரூபாய்ச் சரக்கு. அவருக்கு ஆண்டில் இதைவிடப் பெரிய கொடுக்கல் வாங்கல் இன்னொன்று இருக்காது.

2021-22 பருவத்தில் கழகம் இந்த நிலையத்தின் வாசலை இணையத்துக்கு மாற்றி அமைத்தது. அதுவரை சிட்டா, அடங்கல் நகல்களோடு நேரே நிலையத்துக்குப் போனவர் இனி முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும் என்றானது. அறிவிக்கப்பட்ட நடைமுறை இது: பெயர், ஆதார் எண், கைபேசி எண், நிலத்தின் புல எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைத் தளத்தில் பதிய வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் சரிபார்த்து ஒப்புதல் தருவார், பிறகு எந்த நிலையம், எந்தத் தேதி, எந்த நேரம் என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். இந்த மூன்று படிகளையும் ஒரு வடிவமைப்பாகவே எடுத்துக்கொண்டு எடைபோடுகிறேன்.

முதலில் இதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். விவசாயச் சங்கங்களின் எதிர்ப்பை மட்டும் கேட்டால் இந்தத் தளம் வேண்டாத சுமை என்றே தோன்றும். வெளியிலிருந்து மலிவாக வாங்கிய நெல்லை வியாபாரிகள் டெல்டா நிலையங்களில் விவசாயி பெயரில் போட்டுவிடுகிறார்கள் என்ற புகார் பழையது. புகார் சொன்னவர்களும் விவசாயிகள்தான். ஒரே புல எண்ணைக் காட்டி இரண்டு நிலையங்களில் நெல் போட்டால் காகிதக் கட்டில் அது தெரியாது. எல்லா நிலையங்களுக்கும் பொதுவான ஒரு பதிவேட்டில் தெரிந்துவிடும். அந்த வகையில், விற்பவர் யார், நெல் எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்பது தேவையான கேள்வி. இன்னொரு நன்மையும் உண்டு. பதிவான நிலப்பரப்பைக் கூட்டினால் எந்த ஊருக்கு எத்தனை சிப்பம் வரும் என்பது அறுவடைக்கு முன்பே கழகத்துக்குத் தெரிந்துவிடும். சாக்கு எவ்வளவு அனுப்புவது, லாரி எத்தனை விடுவது என்று முடிவெடுக்க இதைவிடச் சிறந்த கணக்கு கிடைக்காது. என் மதிப்பீட்டில் தளத்தின் ஆகச் சிறந்த பயன் இதுதான். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறது. ஆனால் அதைக் கேட்கும் காலமும் விதமும் சரியில்லை.

டெல்டாவில் சம்பா பயிரிட்டவர் நவம்பர் நடுவில் பயிர்க் காப்பீட்டுக்காக அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், புல எண் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார். பிஎம் கிசான் உதவித்தொகைக்காக நிலத்தையும் ஆதாரையும் இணைத்திருக்கிறார். 2023இல் வேளாண்மைத் துறையின் கிரெய்ன்ஸ் தளம் வந்தது. அதற்கும் இதே விவரம். அதன்பின் விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வந்தது. அதற்கும் இதே விவரம். ஒரே அரசுக்கு ஒரே செய்தியை ஒருவர் நான்கு வாசல்களில் சொல்லியிருக்கிறார். ஐந்தாவது வாசல் கொள்முதல் தளம். முந்தைய நான்கில் எதையேனும் எடுத்துத் தன் படிவத்தை நிரப்பிக்கொண்டு, "இது சரிதானா" என்று மட்டும் கேட்டிருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் ஒரு எண் தவறாக விழ வாய்ப்பு உண்டு. வங்கிக் கணக்கில் ஒரு இலக்கம் மாறினால் மூன்று லட்சம் ரூபாய் எங்கோ நிற்கும்.

கிராம நிர்வாக அலுவலர் ஒப்புதலைப் பற்றித்தான் டெல்டாவில் அதிகச் சண்டை. அதைத் தூக்கிவிட வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மாவட்டங்களில் நிலத்தின் உடைமை ஒரு கணக்கில் இருக்கும், உழுகிறவர் வேறு ஒருவராக இருப்பார். திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களின் நிலங்கள், கோயில் நிலங்கள், வெளியூர் போய்விட்ட மிராசுதார்களின் நிலங்கள், பாட்டனார் பெயரிலிருந்து இன்னும் மாறாத பட்டாக்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். குத்தகைதாரர் உரிமையைப் பதிய 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனாலும் வாய்மொழிக் குத்தகையே இன்னும் பரவலாக நடக்கிறது. புல எண்ணைத் தட்டினால் பட்டாதாரர் பெயர் வரும். சேற்றில் இறங்கி நாற்று நட்டவர் பெயர் வராது. அந்த வயலில் இந்த ஆண்டு யார் பயிரிட்டார் என்று ஊரில் பார்த்துச் சொல்லக்கூடிய அரசு ஊழியர் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்தான். அவர் எழுதும் அடங்கல்தான் பயிரிட்டவரைக் காட்டும் ஆவணம். அவரை நீக்கிவிட்டு ஆவணத்தை மட்டும் கணினி ஒப்பிடட்டும் என்றால் முதலில் வெளியே தள்ளப்படுகிறவர் குத்தகை விவசாயியாகத்தான் இருப்பார்.

அவருடைய ஒப்புதலைக் கேட்கும் காலத்தில்தான் கோளாறு இருக்கிறது. பயிர் வயலில் நிற்கும் மூன்று மாதமும் சரிபார்க்க நேரம் உண்டு. அப்போது கேட்காமல் அறுவடை வாரத்தில் கேட்டால், ஒரே நேரத்தில் ஊரே அவர் மேசையில் வந்து விழுகிறது. அதே வாரத்தில் அவருக்கு வெள்ளப் பாதிப்புக் கணக்கெடுப்போ வேறு பணியோ இருந்தால் ஒப்புதல் தாமதமாகும், நெல் களத்தில் காத்திருக்கும். சரிபார்ப்பை நடவு முடிந்ததும் முடித்துவிட்டு, அறுவடையின்போது "என் நெல் தயார்" என்று ஒரே ஒரு செய்தியை மட்டும் விவசாயி அனுப்பும்படி அமைத்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது. படிகள் இவையேதான். வரிசையை மாற்றினாலே சுமை பாதியாகும்.

அடுத்தது தேதியும் நேரமும். வடிவமைப்பின் ஆகப் பெரிய பிழை இங்கேதான் என்பது என் முடிவு. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேதி கொடுத்து அழைப்பது எங்கே செல்லும்? வருகிறவர் தன் நாளைத் தானே தீர்மானிக்கும் இடத்தில் செல்லும். கடவுச்சீட்டு அலுவலகத்துக்குச் செல்லும். நெல்லின் நாளைத் தீர்மானிப்பது பலர். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறக்க வேண்டியது. 2022இல் மே 24 திறந்தது, 2024இல் ஜூலை 28தான் திறந்தது. இரண்டே ஆண்டு இடைவெளியில் தண்ணீர் வரும் நாள் இரண்டு மாதத்துக்கு மேல் நகர்ந்திருக்கிறது என்றால், அறுவடை நாளை முன்கூட்டிச் சொல்வது எப்படி? அறுப்பு மிஷின் வாடகைக்கு வருகிறது. பக்கத்து ஊரில் வேலை முடிந்தால்தான் இங்கே வரும். வயலில் ஈரம் இருந்தால் டயர் மிஷின் இறங்காது, பெல்ட் மிஷினுக்குக் காத்திருக்க வேண்டும். அறுத்த பிறகு காய வேண்டும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாசலில் வந்து நிற்கிறது. சம்பாவுக்கும் நிச்சயமில்லை, 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த பருவம் தப்பிய மழையில் அறுவடைக்கு நின்ற கதிரெல்லாம் சாய்ந்தது.

நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. குறித்த தேதிக்கு முதல் நாள் ஒரு மழை பெய்தால் விதி தாண்டிவிடும், தேதி போய்விடும். மருத்துவமனையில் டோக்கன் வாங்கியவருக்கு மருத்துவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும் எண் செத்துப்போகாது. நெல்லுக்கும் அப்படி ஒரு வரிசை எண்தான் வேண்டும். மழை வந்தால் வரிசை முழுவதும் சேர்ந்து நிற்கும், வெயில் வந்தால் சேர்ந்து நகரும். தன் நெல் காயாதவர் தனக்குப் பின்னால் உள்ளவருக்கு வழிவிட்டு, காய்ந்ததும் வந்து சேர்ந்துகொள்ளலாம். தேதி முறையில் இந்த நெகிழ்ச்சி கிடையாது. தேதி தவறியவருக்கு நிலையத்தில் உள்ளவரின் தயவுதான் கதி. மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கப்படுவதாக ஆண்டுதோறும் எழும் புகாருக்கு நிழல் தருவதும் அந்தத் தயவுதான். முறைகேட்டை ஒழிக்க வந்த தளம், தேதி தவறும் ஒவ்வொரு நாளிலும் அதற்குப் புதிதாக ஒரு சந்து திறந்து வைக்கிறது.

ஒரு எளிய கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிலையம் நாளொன்றுக்கு வாங்குவது பொதுவாக 800 முதல் 1,000 சிப்பம். ஏக்கருக்கு 60 சிப்பம் என்றால் அது சுமார் 13 முதல் 17 ஏக்கர். மிஷின் ஒரு ஏக்கரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறுத்துவிடுகிறது. ஆக, இரண்டு மிஷின்கள் ஒரு பகல் பொழுதில் அறுப்பதையே ஒரு நிலையம் அன்றைக்குள் வாங்க முடியாது. சாக்கு தீர்ந்தாலோ, கிடங்குக்கு லாரி போகாமல் அடுக்கு உயர்ந்தாலோ அதுவும் குறையும். 2025 அக்டோபரில் குறுவை நெல் நிலையங்களில் தேங்கி, மழையில் நனைந்து, குவியலிலேயே முளைத்ததை டெல்டா முழுவதும் பார்த்தோம். நெரிசல் நெல்லின் நகர்வில் இருக்கிறது. முன்பதிவுத் தளம் அதன் நுழைவாயிலில் மட்டும் நின்று ஒழுங்கு செய்கிறது. ஒழுங்கு செய்தால் நெரிசல் தீரும் என்று எதிர்பார்த்தது தளத்தின் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அந்த எதிர்பார்ப்பு அதை வடிவமைக்கச் சொன்னவர்களுடையது.

தளத்தின் பிழை வேறு. நெரிசல் எங்கே, எவ்வளவு என்பதை அது விவசாயிக்குச் சொல்லவில்லை. டேனிஷ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1994இல் கணினித் திரைகளை மதிப்பிட வகுத்த பத்து நெறிகளில் முதலாவது, உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது பயன்படுத்துகிறவருக்கு எப்போதும் தெரிய வேண்டும் என்பது. திரைக்கு எழுதிய நெறியானாலும் கொள்முதல் நிலையத்துக்கு இது அப்படியே பொருந்தும். அறிவிப்பின்படி குறுஞ்செய்தியில் வருவது நிலையம், தேதி, நேரம். விவசாயி அறிய விரும்புவது வேறு: இன்று அந்த நிலையத்தில் எத்தனை சிப்பம் எடுத்தார்கள், எனக்கு முன்னால் இன்னும் எத்தனை சிப்பம் நிற்கிறது, சாக்கு இருக்கிறதா, நேற்று லாரி வந்ததா. ஈரப்பத வரம்பைக்கூட அன்றன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதை 19 விழுக்காடாகத் தளர்த்தியது. 2023 பிப்ரவரி மழைக்குப் பிறகு 20 ஆக்கியது. பருவத்தின் நடுவில் மாறும் விதி அது. 19இல் காய்ந்த நெல்லை இன்று ஏற்றலாமா, இன்னும் ஒரு நாள் சாலையோரத்தில் உலர்த்த வேண்டுமா என்பது அந்த ஓர் எண்ணைப் பொறுத்தது. அது தெரிந்தால் மிஷினை நாளை வரச் சொல்வதா, இரண்டு நாள் தள்ளிப்போடுவதா என்று அவரே முடிவெடுப்பார். கதிர் வயலில் நின்றால் ஓரளவு தாங்கும். அறுத்துக் குவித்தபின் ஒரு மழையைக்கூடத் தாங்காது.

இது நடைமுறைக்கு ஆகாத ஆசை என்று சொல்ல முடியாது. சத்தீஸ்கர் மாநிலம் 2007 முதல் தன் நெல் கொள்முதலையும் ரேஷன் பொருள் வழங்கலையும் கணினிக்குக் கொண்டுவந்தது. ரேஷன் கடைக்கு அரிசி ஏற்றிய லாரி கிடங்கை விட்டுக் கிளம்பியதும், விரும்பிப் பதிவு செய்துகொண்ட பொதுமக்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும்படி செய்தது. கைபேசியில் இணையம் இல்லாத காலத்தில் செய்த வேலை அது. லாரியின் நடமாட்டத்தை அதிகாரிக்கு மட்டும் காட்டாமல் ஊருக்கும் காட்டியதுதான் அதன் அருமை.

நிலையங்களின் நிலவரத்தை வெளியே காட்டினால் வியாபாரிகள் ஆள் குறைந்த நிலையத்தைத் தேடி லோடு இறக்குவார்கள் என்று ஓர் எதிர்வாதம் உண்டு. அதை எடுத்த எடுப்பில் தள்ளக் கூடாது; காகித முறை மட்டும் இருந்த காலத்தில் அது சரியான பயம்தான். ஆனால் பதிவில் புல எண்ணும் ஊரும் இருக்கின்றன. எந்த ஊர் நிலம் எந்த நிலையத்தோடு சேர்ந்தது என்று கட்டிவிட்டால், காலியாக இருக்கும் நிலையம் எது என்று தெரிந்தும் வெளியாளால் பயனடைய முடியாது. தளத்தின் கண்டிப்பான பக்கம்தான் அதன் வெளிப்படைத்தன்மைக்குப் பாதுகாப்பு. முதல் பாதியைக் கட்டிவிட்டு இரண்டாம் பாதியைக் கட்டாமல் விட்டதால், விவசாயிக்குக் கண்டிப்பு மட்டுமே தெரிகிறது.

முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய விஷயம்போல் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. விவசாயிகள் பதிவதற்காக அறிவிக்கப்பட்ட முகவரி "டிஎன்சிஎஸ்சி-இடிபிசி" என்று தொடங்கி வெறும் "டாட் இன்" என்று முடிந்தது. அரசுத் தளங்கள் "கவ் டாட் இன்" அல்லது "நிக் டாட் இன்" என்றுதான் முடிய வேண்டும் என்பது இந்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறி. கழகத்தின் முதன்மைத் தளம் அந்த நெறிப்படிதான் இருக்கிறது. ஆதாரையும் வங்கிக் கணக்கையும் கேட்கும் தளம் மட்டும், யார் வேண்டுமானாலும் காசு கட்டி வாங்கக்கூடிய வகை முகவரியில் இருந்தது. இதேபோல் ஒரு எழுத்தை மாற்றி ஒரு போலித் தளத்தை எவரும் திறந்துவிடலாம். இந்த ஆபத்தை உணர்ந்துதான் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் "பேங்க் டாட் இன்" முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. 1904இல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியும் அந்த உத்தரவுக்கு உட்பட்டதே. அந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கும் விவசாயிக்கு அங்கே கிடைக்கும் பாதுகாப்பு, நெல்லை விற்கும் இடத்திலும் கிடைக்க வேண்டாமா?

இந்தத் தளத்தை உண்மையில் கையாள்கிறவர் யார் என்றும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ பதிகிறார்கள். மற்றவர்கள் இ-சேவை மையத்துக்கோ கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ பக்கத்து பிரவுசிங் சென்டருக்கோ போகிறார்கள். அங்கே பதிகிறவர் தன் எண்ணைக் கைபேசிக் கட்டத்தில் போட்டுவிட்டால் அழைப்பு அவருக்குத்தான் போகும். நெல்லுக்கு உரியவர் கேள்விப்படும்போது தேதி கடந்திருக்கும். பதிகிறவர் ஒருவர், செய்தி பெறுகிறவர் ஒருவர் என்று இரண்டு எண்களுக்கு இடம் விடுவது கட்டமைப்பில் ஒரு நாள் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத பெண் விவசாயிகளுக்கு, கணவர் வெளிநாட்டில் இருக்கப் பயிர்வைப்பைத் தாமே நடத்துகிறவர்களுக்கு, குறுஞ்செய்தியோடு ஒரு குரல் அழைப்பும் வந்தால் யாரையும் கேட்காமல் விஷயம் தெரிந்துவிடும்.

ஆக, என் தீர்ப்பு இது. விற்பவரைச் சரிபார்க்கும் கருவியாக இந்தத் தளம் தேறுகிறது. அதை எடுத்துவிடச் சொல்வது வியாபாரிகளுக்கு வழிவிடுவதாக முடியும். விற்பவருக்கு உதவும் கருவியாக அது தேறவில்லை. திருத்தங்களில் முதலிடம் நான் தருவது தேதியை எடுத்துவிட்டு வரிசை எண் தருவதற்கு. அடுத்தது சரிபார்ப்பை நடவுக் காலத்துக்கு முன்னெடுப்பது. முகவரியை அரசு முகவரியாக்குவதற்குத் திட்டம் தீட்ட வேண்டியதே இல்லை. ஓர் ஆணை போதும்.

நிலையத்தின் அன்றாட நிலவரத்தை வெளியிட ஆள் எங்கே என்று கழகம் கேட்கலாம். புதிதாக ஆள் தேவைப்படாது. ஒவ்வொரு நாளும் எடுத்த சிப்பம், கிடங்குக்கு அனுப்பியது, கையிருப்பில் உள்ள சாக்கு ஆகியவற்றைப் பட்டியல் எழுத்தர் கணக்கு எழுதித் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் உள்ள மண்டல அலுவலகங்களுக்குத் தெரிவிக்கத்தான் செய்கிறார். அதே எண்கள் அதே மாலையில் அந்த ஊர் விவசாயிகளின் கைபேசிக்கும் போக வேண்டும். கைபேசி பார்க்காதவருக்காக நிலையத்தின் வாசல் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்கவும் வேண்டும். கொள்முதல் பருவம் இப்போது செப்டம்பர் 1ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது. அடுத்த குறுவைக்கு முன் இதைச் செய்து முடிக்கக் காலம் இருக்கிறது.